சொல் கேட்கும் பிள்ளை

ஆறாம் வகுப்பு படிக்கும்போது நன்னடத்தைக்கான பரிசு எனக்குக் கிடைத்தது. கண்ணாடிச் சட்டமிட்ட குழந்தை இயேசுவின் படம் அது. ஆச்சி அதைத் தெருவெல்லாம் எடுத்துச் சென்று காட்டினார்கள். "என் பேத்தி சொல் கேட்கிற பிள்ளை" என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னார்கள். அன்றிலிருந்து நானும் அப்படியே நம்பி வந்தேன். மணி அடித்தால் எழுவேன். மணி அடித்தால் செபிப்பேன். மணி அடித்தால் விளக்கணைத்துப் படுப்பேன். இறைவனுக்குக் கீழ்ப்படிவது என்றால் இதுதான், இதைவிட எளிய காரியம் வேறு உண்டா என்று எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலையில் உடைந்தது. அன்புத் தோழியரே, அதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள ஒரு கடற்கரைச் சிற்றூர். என் தந்தை வள்ளம் வைத்து மீன்பிடிக்கிறார். எங்கள் பகுதியில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பது பழைய வழக்கம். ஞாயிறன்று வள்ளங்கள் எல்லாம் கரையில் வரிசையாகக் கிடக்கும். வலைகள் குவிந்து கிடக்கும். சிறுவர்கள் வள்ளங்களின் மேல் ஏறி விளையாடுவார்கள். முன்பெல்லாம் இந்த வழக்கத்தை மீறினால் எங்கள் ஊரில் அபராதம் உண்டாம். இப்போது அபராதமும் இல்லை, கேட்பாரும் இல்லை. நாலைந்து வள்ளங்கள் ஞாயிறன்றும் போய் வருகின்றன. அப்பா மட்டும் போவதில்லை.

"இது சவேரியார் சாமி மணி அடித்துச் சொல்லிக் கொடுத்த கட்டளை" என்பார்கள் ஆச்சி. அது வெறும் பாட்டி கதை அன்று. புனித பிரான்சிஸ் சவேரியார் 1542ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தார். 1536, 1537ஆம் ஆண்டுகளிலேயே இக்கடற்கரை மக்கள் திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு மறையைக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு செபங்களையும் பத்துக் கட்டளைகளையும் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகள் கற்றதை வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் ஊர்களில் விசுவாசம் இப்படித்தான் பிள்ளைகளின் வாய் வழியாக வீடுகளுக்குள் நுழைந்தது.

அந்தச் சவேரியார் இந்தியாவுக்கு வரவேண்டியவரே அல்லர் என்பதை மறைக்கல்வி வகுப்பில்தான் அறிந்தேன். போர்ச்சுக்கல் அரசர் குருக்களை அனுப்பும்படி வேண்டியபோது, புனித இஞ்ஞாசியார் தேர்ந்தெடுத்தது பொபதில்லா என்ற வேறொருவரை. அவர் நோய்வாய்ப்பட்டார். 1540ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இஞ்ஞாசியார் சவேரியாரை அழைத்துக் கேட்டார். சவேரியார் உடனே இசைந்தார்; ஓரிரு நாளில் உரோமை நகரை விட்டுப் புறப்பட்டும் விட்டார். மறு ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் லிஸ்பனில் கப்பல் ஏறினார். கோவா வந்து சேர ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இஞ்ஞாசியாரை அவர் மறுபடி நேரில் காணவே இல்லை. 1552ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் சீனக் கடற்கரைக்கு அப்பால் ஒரு தீவில் உயிர் துறந்தார். வேறொருவருக்குப் பதிலாக வந்த ஒருவரின் கீழ்ப்படிதலால்தான் எங்கள் ஆச்சிக்கு மூன்றாம் கட்டளை தெரிந்திருக்கிறது!

இவையெல்லாம் எனக்குத் தேர்வுக்குத் தெரியும். வாழ்வுக்குத் தெரியவில்லை.

நான் இங்கே விடுதியில் சேர்ந்தபோது கட்டணத்துக்காக அம்மா தம் கம்மலை அடகு வைத்தார்கள். அம்மாவுக்கு அவர்கள் தாய் கொடுத்த கம்மல் அது. கடலில் பாடு நன்றாக இருந்தால் மீட்டுவிடலாம் என்று நினைத்தோம். வட்டி மட்டும் கட்டிக் கட்டித் தள்ளிக்கொண்டே வந்தது. சென்ற ஆண்டு காலாண்டு விடுமுறைக்கு நான் வீட்டுக்குப் போயிருந்தபோது கடைசிக் கெடு வந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் மீட்காவிட்டால் நகை மூழ்கிவிடும் என்று அடகுக் கடையில் சொல்லி அனுப்பினார்கள்.

அந்தச் சனிக்கிழமை மாலைதான் கரையெல்லாம் ஒரே பேச்சாக இருந்தது. சாளை மீன் கூட்டம் கூட்டமாகக் கரைக்கு அருகில் வந்திருக்கிறதாம். கடலும் குளம் போலக் கிடந்தது. பக்கத்துத் தெரு மாமா ஒருவர், "இன்றைக்கு ராத்திரி இறங்கினால் காலையில் வள்ளம் நிறைய வரலாம். என்ன, நீ வரவில்லையா? உன் பங்கையும் சேர்த்து நானே பிடித்து வரவா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அப்பாவும் சிரித்தார். "நாளைக்கு ஞாயிறல்லவா? நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்லி வலையைத் தைக்கத் தொடங்கினார்.

எனக்கு உள்ளம் கொதித்தது. இரவு சாப்பிடும்போது கேட்டேவிட்டேன். "ஒரே ஒரு ஞாயிறு போனால் என்னப்பா? அம்மா கம்மலை விடவா அது பெரிது? நீங்கள் கடலுக்குப் போகாமல் இருந்தால் சாமி வந்து நகையை மீட்டுத் தருவாரா?" அம்மா என் வாயைப் பொத்த வந்தார்கள். அப்பா தலை நிமிரவில்லை. தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். சொல் கேட்கிற பிள்ளை பேசிய பேச்சைப் பாருங்கள்!

மறுநாள் பூசையில் நான் பாடவில்லை. பங்குத் தந்தையின் பிரசங்கம் காதில் விழவில்லை. வெளியே வந்தபோது கரையில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. மாமாவின் வள்ளம் நிறைய மீன். திங்கட்கிழமை மாலை கம்மல் மூழ்கிவிட்டது. கடலில் மூழ்கியதைக்கூடச் சில நேரம் அலை கொண்டுவந்து போடும். அடகில் மூழ்கியது திரும்புவதில்லை. காதுத் துளை தூர்ந்து போகாமலிருக்க அம்மா வேப்பங்குச்சியை ஒடித்துச் செருகிக்கொண்டார்கள்.

நவம்பரில் பெற்றோர் கூட்டம் நடந்தது. "வேலையை விட்டுவிட்டு வர வேண்டாம்" என்று அம்மாவுக்கு முன்பே சொல்லியிருந்தேன். வேலையா காரணம்? அந்த வேப்பங்குச்சிதான் காரணம். ஆனாலும் அம்மா மூன்று பேருந்து மாறி, தூக்குவாளியில் எனக்குப் பிடித்த சீலா மீன் குழம்போடு வந்துவிட்டார்கள். நான் அவர்களை வாசல் அருகே வேப்பமரத்தடியிலேயே உட்கார வைத்தேன். "டீச்சர் இன்று யாரையும் பார்க்கவில்லை" என்று பொய் சொன்னேன். அம்மா நம்பினார்களா என்று எனக்குத் தெரியாது. குழம்பைக் கொடுத்து, என் தலையைக் கோதிவிட்டுப் போய்விட்டார்கள். அன்றிரவு செபமாலை சொல்லும்போது என் நாக்கு சொன்னது, நெஞ்சு சொல்லவில்லை. மூன்றாம் கட்டளையைக் காத்ததற்காக அப்பாவிடம் சினந்தேன்; சினந்து சினந்து நான்காம் கட்டளையை நானே மீறிவிட்டேன். தாய் தந்தையரை மதிக்கச் சொன்னவரும் அதே இறைவன்தானே?

கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தது. பண்டிகைக்கு அடுத்த ஞாயிறு, திருக்குடும்பத் திருநாள். விடியுமுன் வெளியே ஆள் சத்தம் கேட்டு எழுந்தேன். சனிக்கிழமை மாலை இறங்கிய மாமாவின் வள்ளம் இன்னும் திரும்பவில்லை. நான்கு பேர் அதில் போயிருந்தார்கள். மாமாவின் மகனும் ஒருவன். என் அண்ணனோடு புதுநன்மை வாங்கியவன். வாடைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. கைப்பேசியில் அழைத்தும் கிடைக்கவில்லை.

அப்பா பேச்சில்லாமல் சட்டையைக் கழற்றினார். இஞ்சினைத் தோளில் தூக்கினார். அம்மா பானையில் தண்ணீரும் பழைய சோறும் எடுத்து வைத்தார்கள். என்னால் நம்ப முடியவில்லை. பின்னாலேயே ஓடினேன்.

"அப்பா, இன்றைக்கு ஞாயிறு. பூசை?"

"நீ எனக்கும் சேர்த்துப் பூசை காணு, மக்கா" என்றார் அப்பா. வள்ளத்தைத் தள்ளிக்கொண்டே, "இன்றைக்குத்தான் போகணும்" என்று சொன்னார்.

மூன்று வள்ளங்கள் அப்பாவோடு இறங்கின. பங்குத் தந்தை கடலோரக் காவல் படைக்குத் தகவல் சொன்னார். அன்று வாசிக்கப்பட்ட நற்செய்தி, பன்னிரண்டு வயது இயேசுவை மரியன்னையும் சூசையப்பரும் மூன்று நாளாய்த் தேடிக் கோவிலில் கண்டடைந்த பகுதி. காணாமற்போன பிள்ளையைத் தேடும் பெற்றோர் என்றால் என்ன என்பதை அன்று எங்கள் கோவிலில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. மாமி முதல் வரிசையில் முழங்காலில் இருந்தார்கள். பூசை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் பெண்கள் எல்லோரும் கரையிலேயே அமர்ந்து செபமாலை சொன்னோம். கஜா என்றும் ஒக்கி என்றும் புயல்களின் பெயரைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். 2017ஆம் ஆண்டு ஒக்கிப் புயலில் குமரிக் கடலோரத்தில் எத்தனையோ வீடுகளில் ஆண்கள் திரும்பி வரவில்லை என்பது எங்கள் கரையில் யாருக்கும் மறக்கவில்லை.

மாலை நான்கு மணிக்கு மேல் ஆச்சிதான் முதலில் கண்டார்கள். ஒரு வள்ளத்தின் பின்னால் கயிற்றில் கட்டிய இன்னொரு வள்ளம்! முன்னால் வந்தது அப்பா. இஞ்சின் பழுதாகி, நீரோட்டம் இழுத்த இழுப்பில் அவர்கள் தெற்கே வெகுதூரம் போயிருந்தார்கள். வாடைக் காலத்து நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது அப்பாவுக்குத் தெரியும். அந்தக் கணக்கை வைத்துத் தேடியிருக்கிறார். நான்கு பேரும் உயிரோடு இறங்கினார்கள். மாமா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். பங்குத் தந்தை அப்பாவின் நனைந்த தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஆச்சி, "ஞாயிற்றுக்கிழமை மீனுக்குப் போனதற்குச் சாமி கொடுத்த தண்டனை" என்று தொடங்கினார்கள். அப்பா குறுக்கிட்டார். "அப்படிச் சொல்லாதீங்க, அம்மா. இஞ்சினுக்குக் கிழமை தெரியாது." எல்லோரும் சிரித்துவிட்டோம். நான் மட்டும் பிறகு அழுதேன்.

இரவு வாசலில் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அம்மா கம்மலுக்குப் போகாத நீங்கள் இன்றைக்கு மட்டும் ஏன் போனீர்கள்?" என்று கேட்டேன். அப்பா வெகுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அன்றைக்கு எனக்கும் போகத்தான் ஆசை, மக்கா. தூக்கமே வரவில்லை. நடுச்சாமத்தில் எழுந்து போய் வள்ளத்தில் கைவைத்துக்கொண்டு நின்றேன். ஒரு தடவை விட்டுவிடும் சாமி என்று கேட்டுப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை. திரும்பி வந்துவிட்டேன். ஞாயிறு சாமிக்குக் கொடுத்த நாள். கொடுத்த நாளில் எனக்காகப் போகக்கூடாது. சாமி கூப்பிட்டால் போகாமலும் இருக்கக்கூடாது. இன்றைக்குக் கூப்பிட்டார்."

ஆறாம் வகுப்பு வரை படித்த என் அப்பா சொன்னது இவ்வளவுதான். இதை நான் இன்றுவரை படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வு நாளில் கிணற்றில் விழுந்த பிள்ளையையோ மாட்டையோ தூக்கிவிடாமல் இருப்பீர்களா என்று ஆண்டவர் பரிசேயரைக் கேட்ட நிகழ்ச்சியை நாம் எல்லோரும் வாசித்திருக்கிறோம். அதை வைத்துக்கொண்டு, "அப்படியானால் கட்டளை அவ்வளவு கண்டிப்பானது அன்று; நமக்குத் தேவை வந்தால் தளர்த்திக்கொள்ளலாம்" என்று நான் நினைத்திருந்தேன். அப்பா அப்படி நினைக்கவில்லை. தமக்கு நட்டம் வந்தபோது அவர் கட்டளையைத் தளர்த்தவில்லை. பிறர் உயிருக்கு ஆபத்து வந்தபோது ஒரு நொடியும் தயங்கவில்லை. அப்பா ஒரு ஞாயிறு கரையில் நின்றதும், இன்னொரு ஞாயிறு கடலில் இறங்கியதும் ஒரே கீழ்ப்படிதல்தான். இரண்டு முறையும் அவர் தம் விருப்பத்தை முன்னால் வைக்கவில்லை.

கீழ்ப்படிதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே 'கேட்டல்' என்ற பொருளிலிருந்து பிறந்தது என்று மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் ஒருமுறை சொன்னார்கள். நம் தமிழில் இதற்கு விளக்கமே வேண்டியதில்லை. கேள் என்றால் காதால் கேள்; கேள் என்றால் வினவு; கேள் என்றால் சொன்னபடி செய். மூன்றுக்கும் நாம் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். கபிரியேல் தூதர் வந்தபோது மரியன்னை இம்மூன்றையும் செய்தார்கள். தூதர் சொன்னதைக் கேட்டார்கள். இது எப்படி நிகழும் என்று கேட்டார்கள். பிறகு தம்மையே ஆண்டவரின் அடிமையாகத் தந்து, சொன்ன சொல்லைக் கேட்டார்கள். கெத்செமனித் தோட்டத்தில் நம் ஆண்டவரும் துன்பத்தின் கிண்ணம் தம்மைவிட்டு அகல வேண்டுமென்று தந்தையிடம் கேட்டாரல்லவா? கேட்ட பிறகே தந்தையின் விருப்பத்திற்குத் தம்மைக் கையளித்தார். வாய் பேசாமல் இருப்பதே கீழ்ப்படிதல் என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய ஆறுதல். நாம் கேள்வி கேட்பதால் இறைவன் சினப்பதில்லை. பதில் கிடைத்த பிறகும் காதைப் பொத்திக்கொண்டால்தான் வருந்துகிறார்.

எனக்குப் பதில் கிடைத்திருந்தது. இறைவன் என்னைக் கடலுக்கு அனுப்பவில்லை, சீனாவுக்கும் அனுப்பவில்லை. அம்மாவிடம் போகச் சொன்னார். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. விடுமுறை முடிந்து புறப்படும் நாள்வரை தள்ளிப்போட்டேன். பேருந்து நிறுத்தத்தில் நின்றபோதுதான், "அன்றைக்கு டீச்சர் எல்லோரையும் பார்த்தார்கள், அம்மா. நான்தான் பொய் சொன்னேன்" என்று சொன்னேன். ஏன் என்று அம்மா கேட்கவில்லை. கை மட்டும் தானாக எழுந்து காதைத் தொட்டது. அவர்களுக்கு அன்றே தெரிந்திருக்கிறது! பேருந்து வந்தது. என்னை ஏற்றிவிட்டு, சன்னல் வழியாக, "அடுத்த கூட்டம் எப்போது?" என்று மட்டும் கேட்டார்கள்.

பிப்ரவரியில் அம்மா வந்தார்கள். அதே வேப்பங்குச்சிகள் காதில் இருந்தன. நான் அம்மாவின் கையைப் பிடித்து வகுப்பறைக்கு அழைத்துச் சென்று, "இவர்கள் என் அம்மா" என்று ஆசிரியையிடம் சொன்னேன். என் குரல் நடுங்கியது உண்மைதான். ஆசிரியை எழுந்து அம்மாவுக்கு வணக்கம் சொல்லித் தம் நாற்காலியைத் தந்தார்கள்.

தோழியரே, கம்மல் திரும்பி வந்துவிட்டது என்று எழுதி இக்கட்டுரையை முடிக்க எனக்கும் ஆசைதான். வரவில்லை. அப்பா இன்னும் இஞ்சின் கடனைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். மாமா சில ஞாயிறுகளில் பூசைக்கு வருகிறார். சில ஞாயிறுகளில் கடலுக்குப் போகிறார். கீழ்ப்படிந்தால் கைமேல் பலன் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிக் கிடைக்குமானால் அது கீழ்ப்படிதல் அன்று, வியாபாரம்.

திராட்சைத் தோட்டத்துக்குப் போகச் சொன்ன தந்தையிடம் போக மாட்டேன் என்று மறுத்து, பிறகு மனம் மாறிப் போன ஒரு மகனையும், போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாத மற்றொரு மகனையும் பற்றி இயேசு ஒரு கதை சொன்னார். பரிசு வாங்கிய நாளிலிருந்து நான் 'போகிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருந்த பிள்ளை. அம்மாவிடம் உண்மையைச் சொன்ன அன்றுதான் முதன்முறையாகத் தோட்டத்தின் பக்கம் ஓரடி எடுத்து வைத்தேன்.

இவ்வாண்டோடு இப்பள்ளியில் என் பத்தாம் வகுப்பு முடிகிறது. குழந்தை இயேசுவின் படம் வீட்டுச் சுவரில் இன்னும் தொங்குகிறது. வருவோர் போவோரிடம் ஆச்சி இன்னும் பழைய பேச்சையே பேசுகிறார்கள். அதைக் கேட்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ஆச்சி சொல்வது ஒருநாள் உண்மையாக வேண்டுமென்று தினமும் மன்றாடுகிறேன். நீங்களும் எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள். நானும் உங்களுக்காக வேண்டிக்கொள்கிறேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி